பொட்டுவின் இரவுச் சோறு

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் வாயில் எதையும் போடுவதில்லை. நாங்கள் சமணர்கள். எங்கள் ஆட்களிலேயே பல வீடுகளில் இப்போது இதெல்லாம் தளர்ந்துவிட்டது. என் கணவர் குணபத்திரன் மட்டும் விடாப்பிடிக்காரர். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்த காலத்தில், புயலில் கம்பம் சாய்ந்து ஊரே இருட்டில் கிடந்து இவரைத் திட்டிக்கொண்டிருக்கும்போதும், ஐந்தரை மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு கிடையாது. வெங்காயம், பூண்டு கிடையாது. நான் பிறந்த வீட்டிலும் அதே பழக்கம்தான் என்பதால் எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நாயையும் இவர் சமணராக்கினார் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் திண்டிவனம் புறவழிச்சாலை ஓரத்தில் தாய் நாயைக் கார் அடித்துப் போட்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு குட்டி உட்கார்ந்திருந்ததாம். சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தார். செவலை நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஒரு புள்ளி. பெட்டைக்குட்டி. பொட்டு என்று நான்தான் பெயர் வைத்தேன்.

"முட்டைகூட போடாம நாய் வளருமாங்க?" என்று கேட்டேன்.

"ஏன் வளராது? பருப்பு, தயிர், காய்கறி. விசாரிச்சி எது ஆகும், எது ஆகாதுன்னு தெரிஞ்சிக்கினு போடணும். அவ்ளோதான்."

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் பிராமியிடம் கேட்டார். அவள் ஒரு மிருக டாக்டரிடம் விசாரித்து போனில் நீளமாக ஒரு செய்தி அனுப்பினாள். இவர் அதைத் தமிழில் தன் கோழிக்கால் கையெழுத்தில் எழுதி, சமையலறையில் பிரிட்ஜ் பக்கத்தில் ஒட்டினார். பூசணி, சுரைக்காய், பீன்ஸ் வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம், உப்பு போடக் கூடாது. வெள்ளரிக்காய் பச்சையாகவே கொடுக்கலாம். தக்காளி நன்றாகப் பழுத்திருந்தால் மட்டும், காயும் இலையும் ஆகாது. திராட்சை ஒன்றுகூடக் கூடாது, பொங்கலில் இருக்கும் உலர்ந்த திராட்சையும் பொறுக்கிவிட வேண்டும். மிளகாய் கூடாது. மக்காச்சோளத்தை உதிர்த்துக் கொடுக்கலாம், தக்கையோடு போட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும். தெருவே சிரித்தது. சமணர்களை எங்கள் ஊரில் நைனார் என்பார்கள். நைனார் வீட்டு நாய் சுரைக்காய் தின்கிறது என்று காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் கேலி. பொட்டு அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் தின்று தின்று மினுமினுவென்று வளர்ந்தாள். சுரைக்காய் வேகும் வாசனை வந்தாலே சமையலறை வாசலில் வந்து குந்திக்கொள்வாள்.

எல்லாம் சரி. கடைசிச் சாப்பாடு ஐந்தரை மணிக்கு என்று அவளுக்கும் சட்டம் போட்டுவிட்டார். ராத்திரி பூராவும் முழித்துக் காவல் காக்கிற ஜீவன் அது. காலித் தட்டை அவள் நக்கும் சத்தம் படுக்கையில் எனக்குக் கேட்கும். அவரிடம் சொன்னால், "பழகிடும்" என்பார். அவர் பழகினாரே, அதனால் ஊர் உலகமே பழகிவிடும் என்று நினைப்பு.

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டுக்குக் கிருஷ்ணவேணி வந்தாள். ஒலக்கூர்ப் பக்கத்து கிராமம். விவசாயக் குடும்பம். புருஷன் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது லாரியில் அடிபட்டுப் போனவர். ஒரே மகன் குவைத்தில். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரு கறவை மாட்டை மட்டும் ஓட்டிக்கொண்டு இங்கே வந்திருந்தாள். வந்த நாலாம் நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு, கையில் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

"வெங்காய சாம்பாருக்கா. ஒருத்திக்குன்னு அளந்து ஆக்க வரமாட்டேங்குது. கை தானா மூணு பேருக்குப் போட்டுடுது. நீங்க நைனாருங்கன்னு தெரியும். அதான் உங்களுக்குன்னே தனியா ஒரு சட்டி வாங்கினேன். கருவாட்டு வாசனைகூட அதுல படாது."

நைனார்கள் கவிச்சி தொடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மற்றது தெரியவில்லை. ஆறரை மணிக்கு எங்கள் அடுப்படி கழுவித் துடைத்துக் காய்ந்துவிடும் என்பதும் தெரியவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் தனிச் சட்டி வாங்கினேன் என்று அந்தப் பெண் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. புருஷன் போன பிறகு முதல் முறையாக இன்னொருவருக்குச் சமைத்திருக்கிறாள்.  "வாசனையே நல்லா இருக்கே" என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருக்கமாட்டார். எங்கள் கோயிலான ஜினாலயத்தில் தியானம் செய்துவிட்டு ஏழரைக்குத்தான் திரும்புவார். கிண்ணத்தை வைத்துக்கொண்டு விழித்தேன். எங்களுக்கு ஆகாது. சாக்கடையில் கொட்டினால் எறும்பும் பூச்சியும் வந்து மொய்த்துச் சாகும், அதுவும் பாவம். பின்கட்டில் பொட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியான சோறு கொஞ்சம் இருந்தது. போட்டுப் பிசைந்தேன். காரம் குறைய மோர் ஊற்றினேன். பட்டியலை ஒரு முறை பார்த்துக்கொண்டு, அதில் சொன்னபடி மிளகாயை ஒன்றுவிடாமல் பொறுக்கினேன். வெங்காயத்தைப் பற்றிப் பட்டியலில் ஒரு வார்த்தையும் இல்லை. காய்கறிதானே என்று விட்டுவிட்டேன். பொட்டு தட்டைத் துடைத்து வைத்தாள். ஒரு வயிறும் நிறைந்தது, ஒரு மனசும் நோகவில்லை. என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் கிருஷ்ணவேணி வந்து, "எப்படி இருந்திச்சிக்கா?" என்றாள். நன்றாக இருந்தது என்றேன். அதற்குப் பிறகு எப்படி உண்மையைச் சொல்வது? வாரத்தில் நாலு நாள் கிண்ணம் வந்தது. வெங்காய சாம்பார், வெங்காயம் வதக்கிப் போட்ட கத்திரிக்காய்க் குழம்பு, மொச்சைக் குழம்பு. எட்டு மாதம் பொட்டு ராச்சாப்பாடு சாப்பிட்டாள். அவர் வருவதற்குள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். அவருக்குத் தெரிந்தால் நேரே போய், "நாங்க இதெல்லாம் தொடமாட்டோம்மா, கொண்டாராதே" என்று அவள் மூஞ்சிக்கு எதிரே சொல்லிவிடுவார். அவருக்கு உண்மையைச் சொல்லத் தெரியுமே தவிர, அதைக் கொஞ்சம் ஆற்றிச் சொல்லத் தெரியாது.

புரட்டாசியில் பொட்டு சோர்ந்தாள். சுரைக்காய் வாசனைக்கு எழுந்திருக்கவில்லை. ஈறு வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் பெய்த மூத்திரம் காப்பி நிறத்தில் இருந்ததைப் பார்த்து அவர் பயந்துபோனார். ரத்தம் பார்க்கிற மெஷின் வைத்திருக்கும் நாய் டாக்டர் ஒருவர் விழுப்புரத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தெருமுனை முருகையனின் குட்டியானை வண்டியில் அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம்.

டாக்டர் தென்னரசுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். பொறுமையான மனிதர். பொட்டுவின் காது மடிப்பிலிருந்து ஓர் உண்ணியை எடுத்துக் காட்டினார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. உள்ளேயே சிவப்பணு உடைஞ்சிக்கிட்டிருக்கு. என்ன சாப்பாடு குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி, இவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்தார். கிளம்பும்போதே சுவரிலிருந்து உரித்து வைத்திருக்கிறார். டாக்டர் முழுவதும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். இவ்வளவு அக்கறையா யாரும் பாக்கறதில்லை. ஆனா முக்கியமானது விட்டுப்போச்சே. வெங்காயம், பூண்டு? வேகவெச்சாலும் நாய்க்கு அது விஷம். ரத்தத்தைத்தான் உடைக்கும்."

இவர் சிரித்தார். "பொண்ணு அனுப்புனதுல மொதல் வரியே அதான் சார். நம்ம வீட்டுக்கு அது எதுக்குன்னு நாந்தான் எழுதாம வுட்டேன். நாங்க சமணருங்க. வெங்காயம் எங்க வீட்டு வாசப்படி ஏறனதே கெடையாது."

"அப்ப கவலையில்லை. உண்ணிக் காய்ச்சலாத்தான் இருக்கணும். ரத்த சாம்பிளைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பறேன். வியாழக்கிழமை ரிசல்ட் வந்துடும். அதுவரைக்கும் ஊசி போடுவோம்."

நான் இவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.  சொல் என்று ஒரு மனசு அடித்துக்கொண்டது. டாக்டர் எதிரே, சிரித்த முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற இந்த மனிதரை எப்படிப் பொய்யராக்குவது? வண்டியில் சொல்லிக்கொள்ளலாம். வண்டியில் முருகையன் இருந்தான், வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும், இனிமேல் கொடுக்காமல் நிறுத்திவிட்டால் தானாகச் சரியாகிவிடும், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. எனக்கு நானே வக்கீல்.

ரத்தம் ஊற ஈரல் கொடுங்கள், முட்டையாவது கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது முடியாது. ஆனால் புதன்கிழமை காலையில் இவர் கடைவீதிக்குப் போய், பையில் பீட்ரூட்டும் கேரட்டும் வாங்கி வந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எங்கள் சமையலறைக்குள் வந்த முதல் கிழங்கு அதுதான். என்னைத் தொடவிடவில்லை. தானே தோல் சீவி, வேகவைத்து, மசித்து, பொட்டுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு விரலால் ஊட்டினார். "பாவம் எனக்கு வரட்டும். நீ ஒரு வாய் தின்னு தாயி" என்றார். அவள் அவர் விரலை நக்கினாள். தின்னவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அப்போதும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமும் கிண்ணம் வந்தது. "பாவம், வாயில்லா ஜீவன். நான் கும்புட்ற எங்க கொலசாமிகிட்ட வேண்டிக்கினு இருக்கேன்க்கா" என்றாள் கிருஷ்ணவேணி. வாங்கிக்கொண்டேன். செம்பருத்திச் செடி ஓரமாகக் குழி தோண்டி ஊற்றி மண்ணைத் தள்ளினேன். காலையில் பார்த்தால் அங்கே எறும்புப் படை.

வியாழக்கிழமை பொட்டுவால் தலையைத் தூக்கவே முடியவில்லை. மறுபடியும் முருகையன் வண்டி. பின்னால் தட்டில் சாக்கு விரித்து, அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இவர். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசை நின்றது. பொட்டுவின் மூச்சு குறுகிக் குறுகி வந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான் அவளுக்கு வெங்காயம் போட்டுட்டேங்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கிண்ணம், இரவுச் சோறு, எட்டு மாதம்.  வண்டி நகர்ந்து வெகுதூரம் போன பிறகு அவர் கேட்டார்.

"செவ்வாக்கெழம டாக்டர் கேட்டப்ப, நீ எம் பக்கத்துலதான சாந்தி உக்காந்துக்கினு இருந்த?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

டாக்டர் கையில் ரிசல்ட் இருந்தது. உண்ணிக் காய்ச்சல் இல்லை. நான் சொன்னதைக் கேட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சிருந்தா அன்னிக்கே மெட்ராஸுக்கு அனுப்பி வேற நாயோட ரத்தம் ஏத்தியிருக்கலாம்மா. பொழைச்சிருக்கும்னு அடிச்சிச் சொல்லமாட்டேன். ஒரு வாய்ப்பு இருந்துது. இப்ப அவ்வளவு தூரம் இது தாங்காது." அதற்குப் பிறகு தன்னால் ஆனதைச் செய்தார். மத்தியானம் இரண்டு மணிக்குப் பொட்டு போய்விட்டாள். என் கை அவள் வயிற்றின் மேல்தான் இருந்தது. அது ஏறி இறங்குவது நின்றதை முதலில் அறிந்தது நான்தான்.

பின்கட்டில் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். இவர் அன்று முழுவதும் உண்ணவில்லை. என்னோடு பேசவும் இல்லை. வெள்ளிக்கிழமையும் அப்படியே. சாயங்காலம் ஜினாலயத்துக்கும் போகாமல் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். ஆறரை மணிக்குக் கிருஷ்ணவேணி வந்தாள். அழுத கண். கையில் கிண்ணம், வழக்கத்தைவிடப் பெரியது.

"அடுப்பு மூட்டியிருக்கமாட்டீங்க. அதான் சோறும் சேத்துக் கொண்டாந்தேன். இன்னா சீக்குன்னுதான் டாக்டர் சொன்னாரு நைனாரே?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "உண்ணிக் காய்ச்சல்மா" என்றார்.

 முப்பத்தொரு வருடத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து வந்து நான் கேட்ட முதல் பொய். வாசலுக்கு வந்த ஆளிடம், சாந்தி வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னால்கூடச் சொல்லமாட்டார். அந்தப் பெண்ணின் மனசு உடையக் கூடாது என்று சொல்கிறார். எட்டு மாதம் நான் எதற்காகச் சொன்னேனோ, அதற்காகவே சொல்கிறார்.

கிருஷ்ணவேணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உண்ணியா? ஐயோ, அப்ப எம் மாடுதான். அது மேல மொத்தமும் உண்ணி. நம்ம பொட்டு தெனமும் கொட்டாயில வந்து அது பக்கத்துல படுத்துக்கினு இருக்கும். நாந்தான் கொன்னுட்டேன்க்கா. வேணாம் எனக்கு அந்த மாடு. மாட்டு யாவாரி துரைக்கண்ணு வெலைக்குக் கேட்டுக்கினே இருக்காரு. நாளைக்கே ஓட்டிக்கினு போவச் சொல்லிட்றேன்."

அந்த மாட்டைத் தவிர அந்த வீட்டில் அவளோடு பேச வேறு உயிர் கிடையாது. காலையில் அதனிடம் அவள் ஊர்க்கதை பேசுவது மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.  இவர் முதல் பொய் சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அடுத்தது தேவைப்படுகிறது. அவருக்கு வரவில்லை. எனக்கு வரும். நான் தேர்ந்தவள். ஆனால் போதும் என்று இருந்தது.

"மாட்டு மேல தப்பு இல்ல கிருஷ்ணவேணி. உண்ணிக் காய்ச்சல் இல்ல. வெங்காயம். நாய்க்கு அது ஆவாதாம். அது தெரியாம நான் வெச்சிட்டேன்."

"நான் கொண்டாந்த கொழம்புல..." என்று ஆரம்பித்தவள் நின்றாள். அவளுக்குப் புரியத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் ஆரம்பிக்கத் தைரியம் வராது.

"நாங்க வெங்காயம் சாப்ட்றதில்லம்மா. பொழுது போனா எதுவுமே சாப்ட்றதில்ல. நீ மனசு சங்கடப்படுவியேன்னு மொத நாளு சொல்லல. அப்பறம் சொல்ல முடியல. நீ குடுத்ததையெல்லாம் பொட்டுக்குத்தான் வெச்சேன். தப்பு என்னுது. உன்னுது இல்ல. மாட்ட வித்துடாத."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளுகூடவா சாப்டல?" என்றாள்.

"இல்லம்மா."

"பொங்கலுக்கு மொச்சைக் கொழம்பு கொண்டாந்தேனே. நைனாரு ரெண்டு தரம் போட்டுக்கினாருன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

எழுந்துகொண்டாள். தரையில் வைத்த கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து முந்தானையால் மூடினாள். இவர் எழுந்து, "அம்மா, நாங்க வேணும்னு..." என்று எதையோ சொல்ல வந்தார். அவள் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படி இறங்கினாள்.

அவள் மாட்டை விற்கவில்லை. தெருவில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று மரியாதையாகக் கேட்கிறாள். நின்று பேசுவதில்லை, கிண்ணமும் வருவதில்லை. இவர் என்னோடு பேசத் தொடங்கிவிட்டார். பால், கரண்ட் பில், பிராமியின் போன் என்று எல்லாம் பேசுகிறார். விழுப்புரத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஆறரை மணி ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வருகிறது. மூன்று பேருக்கு ஆகிற அளவுக்கு வதங்குகிறது. நான் வாசல் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.